பயணியாக ஏற முடியாத பஸ்

கடலோரத்தில் ஒரு நகரம். அதற்குப் பின்னால் பண்ணைகள், பண்ணைகளுக்குப் பின்னால் ஒரு மலை. மலைக்கு ஏறிப் போக ஒரே ஒரு தார் ரோடு. இவ்வளவும் ஒரு சீடிக்குள் இருந்தன. எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று அந்த உலகத்தில் யாரும் கேட்பதில்லை. காரில் போகலாம், மோட்டார் சைக்கிளில் போகலாம், படகில் போகலாம், கால் போன போக்கில் நடந்தும் போகலாம். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருந்த மாதங்களில் என் மகள் அந்த விளையாட்டில்தான் குடியிருந்தாள்.

நாங்கள் அப்போது பதுளைக்கு மேலே, ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். எனக்குத் தோட்ட அலுவலகத்தில் கிளாக்கர் வேலை. மனைவி தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. கொழும்பில் வேலை செய்த மைத்துனர் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியதும் பழையதை எங்களுக்கு அனுப்பிவிட்டார். அதோடு வந்ததுதான் அந்த சீடி. குவார்ட்டர்ஸின் முன்னறையில், ஜன்னலுக்குப் பக்கத்தில் அதை வைத்திருந்தோம். மழைக்காலத்தில் திரை மேல் ஈரம் படியும். மகள் பாவாடை நுனியால் துடைத்துவிட்டு விளையாடுவாள்.

அவளுக்குப் பயணம் பற்றி ஒரு தனிச் சாஸ்திரமே இருந்தது. மலை ஏறுவதற்கு மோட்டார் சைக்கிள்தான் சரி, கார் வளைவுகளில் பின்பக்கம் இழுக்கும் என்பாள். நகரத்துக்குள் சைக்கிள் போதும், சந்துகளில் புகுந்து போகலாம். மலை உச்சியிலிருந்து கீழே வர ரோடே வேண்டாம், பாரசூட் கட்டிக்கொண்டு குதித்துவிடலாம். டாக்சியில் ஏறி இடத்தைச் சொன்னால் திரை கறுத்து, மறுநிமிடம் போய்ச் சேர்ந்திருப்போம். ஆனால் அது சோம்பேறிகளின் வழி, வழியில் ஒன்றையும் பார்க்க முடியாது. இதையெல்லாம் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எதிலாவது ஏறிப் போவதைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்த நாட்களில் உள்ளங்கை வேர்த்துவிடும்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அவள் பரீட்சை எழுதுவதற்கு முந்திய மழைக்காலத்தில், தோட்டத்திலிருந்து பதுளைக்கு இறங்குகிற காலை பஸ்ஸில் நான் போய்க்கொண்டிருந்தேன். பள்ளத்துப் பக்கம், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பாதி வழியில் ஒரு முடக்கு இருக்கிறது. ரோட்டின் வளைவை எங்கள் பக்கம் முடக்கு என்றுதான் சொல்வோம். கீழேயிருந்து ஒரு லொறி ஏறி வந்தது. மலை ரோட்டில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும். எங்கும் எழுதி வைத்திருக்காவிட்டாலும் எல்லாச் சாரதிகளுக்கும் தெரிந்த வழக்கம் அது. ஏற்றத்தில் நின்றுவிட்டால் பாரத்தோடு மறுபடி கிளம்புவது கஷ்டம். எங்கள் சாரதியும் ஓரத்துக்கு ஒதுங்கினார். இரவெல்லாம் மழையில் ஊறிய ஓரம். ரோட்டைத் தாங்கி நின்ற கல்லுக்கட்டு சரிந்தது, பின் சக்கரம் இறங்கியது, பஸ் மெதுவாகச் சாய்ந்து ஒரு சவுக்கு மரத்தில் போய்த் தங்கியது.

எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. அந்த மெதுவைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. என் ஜன்னல் கண்ணாடிக்கு நேர் கீழே தேயிலை மலை தெரிந்தது. கூடை கட்டிய பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்கள் வாய் திறந்திருந்தது, சத்தம் மட்டும் எனக்குக் கேட்கவில்லை. சாரதியின் கதவு வழியாக ஒவ்வொருவராக எங்களை இழுத்து எடுத்தார்கள். யாருக்கும் பெரிய காயமில்லை. ஒருவருக்குக் கை முறிந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அன்று பின்னேரம் வேலைக்கே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நான் பஸ்ஸில் ஏறவில்லை. தோட்ட லொறியிலும் ஏறவில்லை. பதுளைக்குப் போக வேண்டியிருந்தால் தேயிலைக்குள் இறங்குகிற குறுக்குப் பாதையில் குடையை ஊன்றிக்கொண்டு நடந்தேன். போகிற வழியில் கொழுந்து பறிக்கிற பெண்கள், "கிளாக்கரய்யா உடம்பக் கொறைக்கிறாரு" என்று பேசிக்கொண்டார்கள். அப்படியே பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் விளையாட்டில் உட்கார்ந்தது மகளின் வற்புறுத்தலால். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிடித்து உட்கார வைத்தாள்.

"அப்பா, அந்தக் கார்ல ஏறுங்க."

"யாரோட காரு அது?"

"யாரோடதோ. எடுங்க, கேக்க மாட்டாங்க."

"கேக்க மாட்டாங்கன்னா எடுத்துருவியா?"

குசினி அடுப்புக்கு முன்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது. "நல்லா இருக்கு! களவெடுக்கச் சொல்லிக் குடுக்கத்தான் இத்தன வருசம் படிக்க வச்சோமா?"

ஆளில்லாமல் நின்ற ஒரு காரை மகள் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அதையாவது எடுக்கச் சம்மதித்தேன். எடுத்தவன் நம் ஊர் வழக்கப்படி ரோட்டின் இடது பக்கமாக ஓட்டினேன். அந்த ஊரில் எல்லாரும் வலது பக்கம். வந்த வண்டியெல்லாம் என் முகத்துக்கு நேராக வந்தது. முடக்குக்கு முடக்கு ஹோர்ன் அடித்தேன். அங்கே ஒருவரும் அதைச் சட்டை செய்யவில்லை. ஒரு வண்டியில் இடித்ததும் போலீஸ்காரர் ஒருவர் இறங்கி என்னை நோக்கி வந்தார். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் அடையாள அட்டையைத் தொட்டது.

மகள் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழப் பார்த்தாள். "அம்மா, இங்க வாங்க! அப்பா ஐசி காட்டப் போறாரு!"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மலை ரோட்டில் ஏறி, உச்சியைத் தொட்டுத் திரும்பி இறங்கினேன். கீழேயிருந்து ஒரு லொறி ஏறி வந்தது. நான் யோசிக்கவேயில்லை. விரல்கள் காரை ஓரத்துக்கு ஒதுக்கி நிறுத்தின. அந்த லொறிக்கு நம் வழக்கம் தெரியாது. வேகம் குறைக்காமல் வந்து இடித்தது. கார் ஓரத்தைத் தாண்டிச் சாய்ந்து உருண்டது.

எழுந்து போய் முகம் கழுவினேன். திரும்பி வந்தபோது மகள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டிருந்தாள். எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

இரண்டு மூன்று நாள் கழித்து நானே கேட்டேன். "அதுல சும்மா நடந்து போக ஏலுமா?"

"ஏலும். ஆனா விடிஞ்சிரும்ப்பா."

நடந்தேன். அலுவலகம் விட்டு வந்து, ஒரு கோப்பை தேத்தண்ணியோடு உட்கார்ந்து, அந்த நகரத்திலிருந்து மலைக்கு நடந்தேன். யாருடைய காரையும் எடுக்கவில்லை. பாதசாரிகள் மேல் மோதவில்லை. பண்ணைகளுக்கு நடுவே வேலியோரமாகப் போனேன். மழை பெய்தால் ஒரு கொட்டகையில் ஒதுங்கி நின்றேன். திரையில் எனக்காக நடக்கிற மனிதன் நனைந்தாலும் அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று மகள் சொன்னாள். இருந்தாலும் ஒதுங்கினேன்.

"இந்த கேம செஞ்சவனுக்கு அப்பாவப் பாத்தா அழுக வரும்" என்றாள்.

"ஏன்?"

"பிளேனெல்லாம் செஞ்சு வச்சிருக்கான் பாவம்."

ரயிலில் மட்டும் ஏறினேன். ரயில் தண்டவாளத்தில் போகும், ஒதுங்க வேண்டியதில்லை. எங்கள் ஊர் ரயில் பதுளையோடு முடிந்துவிடும், அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. அந்த விளையாட்டு ரயிலுக்கு முடிவே இல்லை. கடலோரமாகப் போய், மலைக்குக் கீழே சுற்றி, மறுபடி புறப்பட்ட இடத்துக்கே வரும். ஒரு பின்னேரம் முழுக்க அதில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தேன். மனைவி இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். மூன்றாவது தடவை, "எறங்குற யோசன இருக்கா, இல்ல சாப்பாட்ட ஸ்டேசனுக்குக் கொண்டு வரவா?" என்று கேட்டாள்.

அந்த விளையாட்டில் பஸ்ஸில் ஏறிப் பார்க்க நினைத்ததும் அந்த நாட்களில்தான். அந்த நகரத்தில் பஸ்கள் ஓடின. தரிப்பிடத்தில் ஆட்கள் நின்றார்கள். நான் போய் அவர்களோடு நின்றேன். பஸ் வந்து நின்றது. ஏறுவதற்கான விசையை அழுத்தினேன். என் ஆள் முன் கதவைத் திறந்து, சாரதியைக் காலரைப் பிடித்துத் தெருவில் இழுத்துப் போட்டுவிட்டு அவருடைய ஆசனத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"ஐயோ, நான் பின்னால ஏறணும்."

"அது ஏலாதுப்பா. இதுல பஸ்ல பயணியா ஏற முடியாது. ஏறினா நீங்கதான் ஓட்டணும்."

விழுந்த சாரதி எழுந்து தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு மிகவும் சங்கடமாகிவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கி அப்பால் நடந்தேன். ஆனால் அவள் சொன்னது மனதில் கிடந்தது. மலை ரோட்டைப் பல நாள் நடந்து நடந்து எனக்கு அதன் ஒவ்வொரு முடக்கும் பழகிப் போயிருந்தது. ரோட்டைக் கண்டு நான் பயப்படவில்லை என்று தெரிந்தது. பள்ளத்தைக் கண்டும் இல்லை. குறுக்குப் பாதையில் அதைவிடச் செங்குத்தான இடங்களில் நடந்துகொண்டுதான் இருந்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, இன்னொருவர் ஓட்ட, சும்மா உட்கார்ந்திருப்பதுதான் என்னால் முடியாமல் போயிருந்தது. அதற்கு அந்த விளையாட்டில் வழியே இல்லை.

பெறுபேறு வந்தது. மகள் நன்றாகச் செய்திருந்தாள். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்றாள். விஞ்ஞானப் பிரிவு பதுளை டவுனில்தான் இருந்தது. இடமும் கிடைத்தது. விடுதியில் இடமில்லை. டவுனில் அவளைத் தங்க வைக்க எங்களுக்கு ஆளில்லை. காலை பஸ் ஒன்றுதான் வழி. அதே ரோடு, அதே முடக்கு.

நான் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. வேறு யோசனைகள் சொன்னேன். தோட்டத்துக்குப் பக்கத்துப் பாடசாலையில் கலைப் பிரிவு இருக்கிறதே என்றேன். ஒரு வருடம் பொறுத்தால் டவுனுக்குக் கிட்டே, ஹாலிஎல பக்கத் தோட்டம் ஒன்றுக்கு எனக்கு மாற்றம் கேட்டுப் பார்க்கலாம் என்றேன். குறுக்குப் பாதையில் நானே கூட்டிக்கொண்டு போய்க் கூட்டி வரலாம் என்றும் சொன்னேன்.

மனைவி சேலைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றாள். "அட்டக்கடி வாங்கிக்கிட்டு, வெள்ள யூனிபோர்ம்ல சேறோட, தெனம் மலையெறங்கிப் போயி அவ கெமிஸ்ட்ரி படிக்கணுமா? ஒங்க பயத்த நீங்க வச்சிக்கங்க. அவ தலையில கட்டாதீங்க."

"விழுந்திச்சின்னா?"

"அந்தப் பஸ்ல தெனம் எத்தன புள்ளைங்க போகுது? அதுங்களப் பெத்தவங்க எல்லாம் மனுசங்க இல்லையா?"

மகள் ஒன்றும் பேசவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கேட்டுச் சண்டை பிடித்திருந்தால் நான் மறுத்திருப்பேன்.

அன்று பின்னேரம் அவள் முன்னறையில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டாள். திரையில் ஒரு பஸ் நின்றது. மலை உச்சியில், கீழே பார்த்தபடி.

"நான் ஓட்டுறேன். நீங்க பக்கத்துல இருங்க. மேப்பப் பாத்து அடுத்த முடக்கு எந்தப் பக்கம்னு சொல்லுங்க. எனக்கு ரோட்டுல மட்டும் கண்ணு இருக்கணும்."

"எனக்கு மேப்பு வேணாம்" என்றேன். "மொதல்ல வலது. அப்புறம் கொஞ்சம் நேரா. அப்புறம் சின்ன இடது, ஒடனே பெரிய இடது."

அவள் ஓட்டினாள். அவள் வேகத்துக்கு என் வலது கால் நிலத்தை அழுத்திக்கொண்டே இருந்தது. அவள் அதைக் குனிந்து பார்த்தாள். "அப்பா, பிரேக் ஒங்க பக்கம் இல்ல." கீழேயிருந்து லொறி வந்தபோது நான் கண்ணை மூடினேன். திறந்தபோது லொறியைத் தாண்டியிருந்தோம். அடுத்த முடக்கைச் சொல்ல மறந்துவிட்டேன். மரத்தில் மோதி நின்றோம். மறுபடி உச்சியிலிருந்து தொடங்கினோம். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். நான் சொல்ல, அவள் திருப்ப, இறங்கினோம். ஒரு தடவையாவது முழுக்கக் கண்ணைத் திறந்து வைத்திருந்தேனா என்று எனக்கு இப்போது நினைவில்லை. இருந்திருக்க வேண்டும். கடற்கரையில் போய் பஸ்ஸை நிறுத்தி, "பதுளை வந்திருச்சி, எறங்குறவங்க எறங்குங்க" என்று அவள் கண்டக்டர் குரலில் சொன்னது நினைவிருக்கிறது.

முதல் நாள் பாடசாலைக்கு நானும் போனேன். அவள் வெள்ளைச் சீருடையில், இரட்டைப் பின்னலோடு, புதுப் பையோடு முன்னால் நடந்தாள். மழை இல்லை. புகார் மட்டும் பனிமூட்டமாகத் தேயிலை மேல் படுத்திருந்தது. பஸ் வந்ததும் கண்டக்டர் என்னைப் பார்த்துப் படியிலிருந்தே சத்தம் போட்டார்.

"அடேங்கப்பா, கிளாக்கரய்யா! என்னங்கய்யா, குறுக்குப் பாதையெல்லாம் தேஞ்சு போச்சா?"

உள்ளே ஆஸ்பத்திரிக்குப் போகிற இரண்டு பெண்கள் இருந்தார்கள். "ஐயா பஸ்ல வாராரு, இன்னைக்கி மழ கொட்டப் போகுது, குடைய எடுத்திருக்கலாம்டீ" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு நல்லதாகவே இருந்தது. மகள் நேரே போய்ப் பள்ளத்துப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டேன்.

பஸ் இறங்கியது. மகள் என் பக்கம் திரும்பாமலே, "அடுத்தது?" என்றாள்.

"இடது."

"அப்புறம்?"

"நேரா. கோயில் கிட்ட வலது."

அப்படியே சொல்லிக்கொண்டு வந்தேன். பாதி வழி வந்தது. அந்த முடக்கில் கல்லுக்கட்டைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். கல் இன்னும் கறுக்கவில்லை. கீழேயிருந்து ஒரு லொறி ஏறி வந்தது. எல்லா நாளும் ஏறி வருகிற லொறிதான். சாரதி வேகத்தைக் குறைத்து ஓரத்துக்கு ஒதுங்கினார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். என்னுடைய குரல் எனக்கே தெரியாமல் வந்தது. "நான் எறங்கணும்."

பஸ்ஸுக்குள் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் பக்கம் மோசமான இடங்களில் ஆட்கள் இறங்கி நடந்து, தாண்டிய பிறகு ஏறிக்கொள்வது உண்டுதான். அது மழைக்காலத்தில், சேறு சறுக்கும்போது. அன்று ரோடு காய்ந்து கிடந்தது. கண்டக்டர் விலகி நின்று வழிவிட்டார். நான் மகளின் பை வாரை இழுத்தேன்.

அவள் அசையவில்லை. "நீங்க எறங்குங்கப்பா" என்றாள், தாழ்ந்த குரலில். "நான் இருக்கேன்."

அவள் முகத்தில் பிடிவாதம் இல்லை. பயமும் இல்லாமல் இல்லை. அவள் கை முன் ஆசனத்துக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். பயத்தோடு உட்கார்ந்திருக்க அவளால் முடிந்தது. வாரை விட்டுவிட்டு இறங்கினேன்.

பஸ்ஸுக்கு முன்னால் வந்து நின்ற என்னை உரசுவது போல் லொறி மேலே போனது. அதன் சாரதி நன்றிக்குக் கை காட்டினார். எங்கள் பஸ் ஓரத்தில் அசையாமல் நின்றது. கண்டக்டர் கதவில் தொங்கிக்கொண்டு, "வாங்கய்யா, ஏறுங்க, முடிஞ்சிருச்சி" என்றார்.

என்னால் காலைத் தூக்க முடியவில்லை.

"போங்க" என்றேன். "புள்ளைக்கு ஸ்கூலுக்கு நேரமாகுது."

"நெசமாவாய்யா?"

"போங்க, நான் வாரேன்."

அவர் பஸ்ஸின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். பஸ் நகர்ந்தது. ஜன்னலில் மகளின் முகம் தெரிந்தது. கை அசைக்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு முன்னால் பார்த்தாள். புகாருக்குள் பஸ் போய்விட்டது.

நான் நடந்து பதுளைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாடசாலையில் வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. வாசலில் நின்ற காவலாளி என்ன விஷயம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். டவுனில் ஒரு கடையில் தோசை சாப்பிட்டேன். பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். பின்னேரம் அவள் வேறு இரண்டு பிள்ளைகளோடு பேசிக்கொண்டு வந்தாள். என்னைக் கண்டதும் அவர்களிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள்.

"சேறே இல்ல" என்று என் செருப்பைப் பார்த்தாள். "ரோட்டாலயே நடந்து வந்தீங்களா?"

"ஆமா."

"கால் வலிக்குமே." பிறகு, "நாளைக்கி நான் தனியாப் போறேன்ப்பா. நீங்க நின்னுட்டீங்கன்னா நான் பின்னாலயே பாத்துக்கிட்டுப் போக வேண்டியிருக்கு" என்றாள்.

அன்று திரும்பும்போது அவளோடு பஸ்ஸில் ஏறினேன். ஏறிப் போகிற பஸ் மலைப் பக்கமாகப் போகும் என்பதால் அது கொஞ்சம் இலகு. இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் இறங்குகிற பஸ்ஸில் நான் கண்ணைத் திறந்து வைத்திருந்த தடவைகள் சொற்பம்.

மறுநாள் காலையில் அவள் புறப்பட்டபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போய்விட்டார்கள். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கதவு அடைபடும் சத்தமும் கேட்டது. என் மேசைக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் முதல் முடக்குவரை ரோடு தெரியும். நான் எழுந்திருக்கவில்லை. பேனாவைப் பிடித்தபடி, எழுதாமல், அவள் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.